கத்தி வைக்காமல் முகத்தொய்வு சரியாகுமா?

வடசென்னையில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் கடக்கும்வரை நிற்கும் நேரத்தில் போனைத் திறந்தால், ஆபரேஷன் இல்லாமல், வலி இல்லாமல் பத்து வயது குறைக்கிறோம் என்று ஒரு விளம்பரம் வருகிறது. எம்.சி. ரோட்டில் கல்யாண ஜவுளி எடுத்துக்கொண்டு திரும்பும்போது பார்லர் பலகையிலும் அதே பேச்சு. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் அம்மாக்கள், அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்திருப்பவர்கள், வேலைக்குப் போகும் நாற்பது வயதுக்காரர்கள் என்று பலரும் கேட்கிறார்கள்: இது நிஜமா, நமக்கு ஒத்துவருமா, எவ்வளவு ஆகும்?

நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். முகச்சுருக்கத்துக்கும் ஒட்டிப்போன கன்னத்துக்கும் கத்தி வைக்காத வழிகளில் ஓரளவு நல்ல பலன் உண்டு. நன்றாகத் தொங்கிவிட்ட தாடைக்கும் கழுத்துக்கும் பெரிய பலன் கிடையாது. கிடைக்கும் பலனும் நிரந்தரமில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். கத்தி இல்லை என்பதால் இது பார்லர் வேலை ஆகிவிடாது. ஊசியும் நூலும் சூடும் உடம்புக்குள் போகின்றன, அது மருத்துவம். ஆகவே என்ன சிகிச்சை என்று விசாரிப்பதற்கு முன்னால், யார் கையால் என்று விசாரியுங்கள்.

முகம் ஏன் தளர்கிறது? பல மாற்றங்கள் ஒன்றாக நடக்கின்றன. தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜன் (தோலுக்குள் இருக்கும் புரத நார்) வயது ஏற ஏறக் குறைகிறது. கன்னத்துக்கு மேடு கொடுத்த கொழுப்பு வற்றுகிறது, கொஞ்சம் கீழேயும் இறங்குகிறது. கண்குழியைச் சுற்றியும் தாடையிலும் எலும்பே தேய்கிறது. இவற்றுக்கு மேல் வெயில். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் கொலாஜனைச் சிதைக்கும். காசிமேட்டில் மீன் விற்பவர், துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவர், குடோன் வாசலில் லோடு இறக்குபவர் முகமெல்லாம், ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைவிடச் சீக்கிரம் சுருங்குவதற்குப் பெரிய காரணம் இதுதான். பீடி சிகரெட்டும் சேர்ந்தால் இன்னும் வேகம்.

உங்கள் முகத்தில் இருப்பது எந்த வகை மாற்றம்? வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கண்ணாடி முன் நின்று புருவத்தைச் சுளியுங்கள், பிறகு முகத்தைத் தளர விடுங்கள். சுளிக்கும்போது மட்டும் கோடு தெரிந்தால் அது தசை அசைவால் வருவது. தளர்ந்த நிலையிலும் கோடு அப்படியே இருந்தால் தோலே மடிந்து பதிந்துவிட்டது. அடுத்து, கையில் ஒரு சிறு கண்ணாடியுடன் மல்லாந்து படுத்துப் பாருங்கள். தாடையோரச் சதை மறைந்து முகம் சீராகிவிட்டால் உங்களுக்கு இருப்பது தொய்வு. படுத்தாலும் கண்ணுக்குக் கீழே பள்ளமும் கன்னத்தில் ஒட்டலும் அப்படியே இருந்தால் அது வற்றல். கோடு, தொய்வு, வற்றல் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கானதை இன்னொன்றுக்குச் செய்துவிட்டு ஏமாறுபவர்கள்தான் அதிகம்.

ஃபேஸ்லிஃப்ட் என்ற ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்? காதோரம் வெட்டி, தோலைப் பிரித்து, அடியில் உள்ள தசைப்படலத்தை மேலே இழுத்துத் தைத்து, மிச்சமாகும் தோலை வெட்டி எடுக்கிறார்கள். செலவு லட்சக் கணக்கில் போகும். வீக்கமும் கன்னிப்பும் வடிய இரண்டு வாரம், அதற்கு மேலும் ஆகலாம். பலன் பல ஆண்டுகள் நிற்கும். இனி நாம் பார்க்கப்போகும் எதுவும் மிச்சத் தோலை வெட்டி எடுப்பதில்லை. அதனால்தான் நன்றாகத் தொங்கிய முகத்துக்கு அவற்றால் பெரிய மாற்றம் வருவதில்லை. இதைச் சொல்லாமல் உங்களிடம் பணம் வாங்குபவரை நம்ப வேண்டாம்.

போடாக்ஸ் என்பது என்ன? கெட்டுப்போன டின் உணவில் வளரும் ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் விஷப்புரதத்தை, மிக மிகக் குறைந்த அளவில் மருந்தாகச் செய்தது. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை அது தடுக்கும், அந்தத் தசை சில மாதம் ஓய்வெடுக்கும், அதன் மேலுள்ள தோல் மடியாது. சான்பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணைச் சரிசெய்யத்தான் இதை முதலில் பயன்படுத்தினார். 1989இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கண் கோளாறுகளுக்காக இதை அனுமதித்தது. கண் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவச் சுளிப்பும் மறைவதைக் கனடாவின் வான்கூவரில் ஜீன் கரூதர்ஸ், அலஸ்டர் கரூதர்ஸ் என்ற மருத்துவத் தம்பதி கவனித்தார்கள். புருவ இடைக் கோட்டுக்கு அனுமதி 2002இல் கிடைத்தது.

எங்கே பலன் தரும்? நெற்றிக் கோடு, புருவங்களுக்கு நடுவே உள்ள கோடு, கண்ணோரச் சுருக்கம். முகத்தின் மேல் பாதிக்குத்தான் இது பொருந்தும். தொங்கும் கன்னத்தைத் தூக்காது. போட்ட அன்றே மாற்றம் தெரியாது, மூன்று நாளிலிருந்து தெரியத் தொடங்கி இரண்டு வாரத்தில் முழுமையாகும். மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்து பழையபடி ஆகிவிடும். வாடகை வீடு மாதிரி, கட்டும்வரைதான் நம்முடையது.

செலவை எப்படிக் கணக்குப் பார்ப்பது? இந்த மருந்தை யூனிட் கணக்கில் போடுகிறார்கள். அசல் போடாக்ஸின் மருந்துக் குறிப்புப்படி புருவ இடைக் கோட்டுக்கு 20 யூனிட், ஐந்து புள்ளிகளில், ஒவ்வொன்றிலும் 4 யூனிட். வேறு கம்பெனி மருந்தின் யூனிட் அளவு வேறாக இருக்கும் என்பதால் எந்த மருந்து என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். யூனிட் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு 6,000. ஆண்டுக்கு மூன்று தடவை என்றால் 18,000, அதுவும் அந்த ஒரு கோட்டுக்கு மட்டும். "முகம் முழுக்க ஐயாயிரம்" என்று யாராவது சொன்னால், எத்தனை யூனிட் என்று உடனே கேளுங்கள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்தால் மருந்தில் தண்ணீர் கூடியிருக்கலாம், அல்லது அது அசல் மருந்தாகவே இல்லாமல் இருக்கலாம்.

அந்தச் சின்ன மருந்துக் குப்பியை ஒரு தடவை பக்கத்தில் பாருங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். அடியில் வெள்ளைப் பூச்சாகக் கொஞ்சம் உலர்ந்த தூள்தான் இருக்கும். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்து, உங்கள் கண் முன்னால் உப்புநீர் (சலைன்) சேர்த்துக் கரைக்க வேண்டும். முன்பே கரைத்த சிரிஞ்சை யாராவது உள்ளேயிருந்து எடுத்துவந்தால், அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

யார் போட்டுக்கொள்ளக் கூடாது? கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் (தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நரம்பு-தசை நோய்) உள்ளவர்களுக்கு இது ஆபத்து. காலையில் நன்றாக இருக்கும் கண் இமை சாயங்காலத்தில் தொங்குகிறது என்றால், அழகு சிகிச்சைக்கு முன்னால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தவும் கூடாது. தவறான இடத்தில் மருந்து இறங்கினால் இமை தொங்கிவிடும். சில வாரங்களில் சரியாகும், ஆனால் அதுவரை அந்த முகத்தோடுதான் வேலைக்குப் போக வேண்டும்.

ஃபில்லர் என்பது வேறு. இது தசையைத் தளர்த்தாது, பள்ளத்தை நிரப்பும். பெரும்பாலும் ஹயலுரானிக் அமிலம் (நம் தோலிலும் மூட்டிலும் இயற்கையாகவே இருக்கும், நீரைப் பிடித்துவைக்கும் ஒரு கூழ்ப்பொருள்). ஒட்டிய கன்னம், மூக்கிலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்பு, கண்ணடிப் பள்ளம் இவற்றுக்குப் போடுகிறார்கள். பலன் ஊசி போட்டவுடனே தெரியும். போட்ட இடத்தையும் கூழின் கெட்டித்தன்மையையும் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டுவரை நிற்கும். ஒரு மில்லி சிரிஞ்சே பல ஆயிரம் ரூபாய், இரண்டு மூன்று சிரிஞ்சு தேவைப்படுபவர்களும் உண்டு.

இதன் நல்ல குணம், பிடிக்கவில்லை என்றால் கரைத்துவிடலாம். ஹயலுரானிடேஸ் (அந்தக் கூழைக் கரைக்கும் நொதி) என்று ஒரு ஊசிமருந்து இருக்கிறது. மற்ற பொருட்களுக்கு அந்த வசதி கிடையாது. நிரந்தரமாக நிற்கும் என்று சொல்லித் திரவ சிலிக்கானை ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதை எக்காரணம் கொண்டும் ஏற்க வேண்டாம். வருடங்கள் கழித்துக் கட்டிகட்டியாக இறுகும், இடம் மாறும், முழுதாக எடுக்கவும் முடியாது.

கெட்ட குணம் என்ன? இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அந்தக் கூழ் தவறிப்போய் ரத்தக்குழாய்க்குள் போனால் அடைப்பு உண்டாகும். அந்தக் குழாய் ரத்தம் கொடுத்துவந்த தோல் செத்துப்போகலாம். புருவ நடு, மூக்கு, நெற்றி ஆகிய இடங்களின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. அங்கே அடைத்தால் பார்வையே போகலாம், போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் நடந்தால் அதைச் சமாளிக்க மருத்துவ அறிவும் கரைக்கும் மருந்தும் அந்த அறையிலேயே இருக்க வேண்டும்.

அறிகுறிகள் இவை: ஊசி போட்ட இடம் சட்டென்று வெளுப்பது, பிறகு வலை போட்டதுபோல் நீலமும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாக மாறுவது, தாங்க முடியாத வலி, கண் மங்குவது. நம் கருப்பு, மாநிறத் தோலில் வெளுப்பு சரியாகத் தெரியாது. அதனால் வலியை நம்புங்கள். "முதல் நாள் அப்படித்தான் இருக்கும், ஐஸ் வைங்க" என்று போனில் சொன்னால் கேட்காதீர்கள். ஊசி போட்டவரிடம் உடனே நேரில் போங்கள். பார்வை மங்கினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது, எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்குத் தூரமில்லை.

நூல் போட்டு இழுப்பது பற்றி? த்ரெட் லிஃப்ட் என்று அதற்குப் பெயர். ஆபரேஷனில் உள்தையலுக்குப் பயன்படும், தானாகக் கரையும் நூலிலேயே சின்னச் சின்ன முட்கள் வைத்துச் செய்திருப்பார்கள். ஊசி வழியாகத் தோலுக்கு அடியில் நுழைத்து மேலே இழுத்தால் முட்கள் சதையைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சமாகத் தளர்ந்த தாடைக்குச் சரி. நூல் சில மாதத்தில் கரைந்துவிடும், தூக்கலும் ஏறத்தாழ ஓராண்டில் இறங்கிவிடும். கன்னத்தில் குழி விழுவது, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குவது, நூல்முனை வெளியே தலைகாட்டுவது, சீழ் பிடிப்பது எல்லாம் நடக்கக்கூடியவை. என் கருத்தைக் கேட்டால், செலவையும் கிடைக்கும் பலனையும் எடை போடும்போது இந்தப் பட்டியலில் நான் கடைசியாக யோசிப்பது இதைத்தான்.

ஹைஃபூ என்று பார்லர்களில்கூடச் செய்கிறார்களே? குவிக்கப்பட்ட மீயொலி (காதுக்குக் கேட்காத உயர் ஒலி அலை) கொண்டு தோலுக்கு அடியில் ஒன்றரை முதல் நாலரை மில்லிமீட்டர் ஆழத்தில் சூடு உண்டாக்குவதுதான் அது. அந்தச் சூட்டுக்கு எதிர்வினையாக உடம்பு புதுக் கொலாஜன் உண்டாக்கும். இரண்டு மூன்று மாதத்தில் மெதுவாக இறுக்கம் தெரியும், அதுவும் லேசான தொய்வுக்கு மட்டும். ரேடியோ அலைக் கருவியும் ஏறத்தாழ இதே வழிதான். ஊசி இல்லை என்பதால் இதில் பயமே இல்லை என்று நினைப்பது தப்பு. ஆழம் தவறினால் தோல் வெந்துபோகும், நரம்பு பாதிக்கும், கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் இன்னும் ஒட்டிப்போகும். சின்ன ஊசிகள் வழியாக ரேடியோ அலை பாய்ச்சும் கருவிகளால் தீக்காயம், தழும்பு, கொழுப்பு இழப்பு, நரம்புப் பாதிப்பு வந்ததாகத் தகவல்கள் வந்ததை அடுத்து 2025இல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது.

பீல், லேசர் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஏனென்றால் இங்கே நம் தோல் நிறமே கணக்கை மாற்றிவிடுகிறது. கெமிக்கல் பீல் என்றால் அமிலம் தடவி மேல்தோலை உரிப்பது. லேசர் என்றால் ஒளிக்கற்றையால் தோலில் நுண்ணிய காயங்கள் உண்டாக்கி அதைப் புதுப்பிக்க வைப்பது. மெல்லிய கோடு, சொரசொரப்பு, கரும்புள்ளி இவற்றுக்குப் பலன் தரும், தொய்வுக்குப் பெரிதாகத் தராது.

வெள்ளைத் தோலுக்காகத் தீர்மானித்த அளவை நம் தோலில் அப்படியே வைத்தால், காயம் ஆறும்போது அந்த இடம் கருத்துப்போகும். நம் தோலில் நிறமி அதிகம், சீண்டினால் அது கூடுதலாகச் சுரக்கும். அந்தக் கருப்பு மறைய மாதக் கணக்கில் ஆகும். ஏற்கெனவே மங்கு (கன்னத்தில் படரும் பழுப்புத் திட்டு) இருப்பவர்களுக்கு இன்னும் மோசமாகும். பீல் செய்த மறுநாளே வெயிலில் மீன்கூடையோடு நிற்க வேண்டியவருக்கும், பைக்கில் எண்ணூர் நெடுஞ்சாலை வழியாக வேலைக்குப் போகிறவருக்கும் இது ஒத்துவராது. செய்தே தீர வேண்டும் என்றால் சித்திரை வெயிலில் வேண்டாம். காதுக்குப் பின்னால் சிறு இடத்தில் சோதித்துவிட்டு, குறைந்த அளவில் தொடங்கும் தோல் மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள்.

பி.ஆர்.பி. என்று நம் ரத்தத்தையே எடுத்து முகத்தில் போடுவது நல்லதா? ரத்தத்தைச் சுழற்றி, தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) நிறைந்த பகுதியை மட்டும் பிரித்து ஊசியாகப் போடுகிறார்கள். தோல் கொஞ்சம் பொலிவு பெறலாம், முகத்தைத் தூக்காது. நம்முடைய சொந்த ரத்தம்தானே, என்ன ஆகிவிடும் என்று தோன்றும். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் 2018இல் இந்த ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. அழகுக்கான ஊசியால் எச்.ஐ.வி. பரவியதாகத் தெரியவந்த முதல் நிகழ்வாக 2024இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் இதைப் பதிவு செய்தது. ஊசியும் குழாயும் உங்கள் முன்னால் உறை பிரிக்கப்படுவதைப் பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, யாரிடம் போவது? எம்.டி. அல்லது டிப்ளமோ முடித்த தோல் மருத்துவர், அல்லது எம்.சி.எச். முடித்த பிளாஸ்டிக் சர்ஜன். காஸ்மெட்டாலஜிஸ்ட் என்று மட்டும் பலகையில் இருந்தால், அதற்கு முன் எம்.பி.பி.எஸ். இருக்கிறதா, அதற்கு மேல் என்ன படிப்பு என்று கேளுங்கள். சில வார வகுப்பில் வாங்கிய சான்றிதழும் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். ஒவ்வொரு மருத்துவருக்கும் பதிவு எண் உண்டு, தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் அதைத் தட்டிப் பார்க்கலாம். கிளினிக்குக்கும் பதிவு வேண்டும். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இன்கீழ் வாங்கிய பதிவுச் சான்றிதழ் எங்கே என்று வரவேற்பறையிலேயே கேளுங்கள்.

இவ்வளவு கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா? நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். முடி நடுதல், அழகு சிகிச்சைகளைப் பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யக்கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால் அந்த ஆணையச் சட்டப்படி ஓராண்டுவரை சிறையோ ஐந்து லட்சம்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. சென்னைக்கு இது புதிதும் இல்லை. 2016இல் இந்த ஊரில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்துபோனார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை அவர். அந்த இடத்துக்கு முடிதிருத்தும் நிலைய உரிமம் மட்டுமே இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன.

பணம் கட்டுவதற்கு முன் இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். மருந்தின் பெயர் என்ன, அடைப்பு வந்தால் கரைக்கும் மருந்து இங்கேயே இருக்கிறதா, ராத்திரி பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது, சொல்லும் தொகையில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா. அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்கு மற்ற மருத்துவத்துக்குள்ள வரிவிலக்கு கிடையாது. மருத்துவக் காப்பீடும் பணம் தராது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இதற்குச் செல்லாது. "இன்றைக்கே கட்டினால் பாதி விலை" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வாருங்கள். முகம் எங்கும் ஓடிவிடாது. மாதத் தவணையில் செய்வதாக இருந்தால் ஒன்றை யோசியுங்கள்: பத்து மாதத் தவணை முடிவதற்குள் போடாக்ஸ் இரண்டு தடவை தேய்ந்திருக்கும்.

கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் செய்வது? போடாக்ஸ், ஃபில்லர் என்றால் குறைந்தது ஒரு மாதம் முன்னால். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம், ஏதாவது கோணலானால் சரிசெய்ய இன்னும் இரண்டு வாரம். லேசர் என்றால் மாதக் கணக்கில் முன்னால். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு எதையும் செய்யாதீர்கள். 2021 ஏப்ரலில் தமிழ்த் திரை நடிகை ஒருவர் சென்னையில் சிகிச்சைக்குப் பிறகு கண்ணடி வீங்கிய தன் படத்தை வெளியிட்டது பெரிய செய்தியானது. சிகிச்சைமீது அவர் சொன்ன குற்றச்சாட்டை மருத்துவர் தரப்பு மறுத்தது. யார் சரி என்பதற்குள் நாம் போக வேண்டாம். ஊசி போட்ட முகம் அப்படி வீங்கவும் கூடும் என்பதை நாள் குறிக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் முகம் மாறியதற்குக் காரணம் வயதுதானா? கடைவாய்ப் பற்கள் போய்விட்டால் கன்னம் உள்ளே விழும், உதடு சுருங்கும். பல் கட்டினாலே முகம் பாதி நிரம்பிவிடும். அதற்குச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஒரு சிரிஞ்சு ஃபில்லர் விலை ஆகாது. சில மாதத்தில் கன்னம் ஒட்டி எடையும் குறைந்திருந்தால் சர்க்கரை, காசநோய்ப் பரிசோதனை செய்யுங்கள். முகம் ஊதி, கண்ணடி கனத்து, எப்போதும் சோர்வாக இருந்தால் தைராய்டு, சிறுநீரகம் இரண்டையும் பாருங்கள்.

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று தொங்கினால் அது அழகுப் பிரச்சினையே இல்லை. பக்கவாதமாக இருக்கலாம். கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் உடனே 108. உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். கை, பேச்சு எல்லாம் சரியாக இருந்து முகம் மட்டும் கோணினால் முகநரம்பு வாதமாக இருக்கலாம், அதற்கும் மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன். இரண்டில் எது என்பதை வீட்டில் முடிவுசெய்ய வேண்டாம், மருத்துவர் சொல்லட்டும்.

நம் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். அங்கே தோல் பிரிவும் உண்டு, கை அறுவை சிகிச்சைக்குப் பேர்போன பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவும் உண்டு. மங்கு, பரு, தழும்பு, தீக்காயச் சுருக்கம் என்றால் நேராக அங்கே போகலாம். அழகு சிகிச்சையை வெளியே செய்துகொள்வதாக இருந்தாலும், ஒரு காலை ஓ.பி. சீட்டு வாங்கித் தோல் மருத்துவரிடம் முகத்தைக் காட்டி, "எனக்கு இது தேவையா?" என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. உங்களிடம் எதையும் விற்க வேண்டிய அவசியம் இல்லாதவர் சொல்லும் பதில் அது.

செலவில்லாமல் என்ன செய்யலாம்? வெயிலைத் தடுப்பதுதான் முதல் வேலை. ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 900க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் (வெயில் தடுப்புக் களிம்பு) பூசியவர்களுக்கு நாலரை ஆண்டில் தோல் முதுமை மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. அது பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களிடம் பார்த்தது. நம் நிறமி நம்மை ஓரளவு காக்கிறது, ஆனால் முழுதாகக் காப்பதில்லை. எஸ்.பி.எஃப். 30 போதும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் களிம்பைப் பிதுக்கினால் வருவதுதான் ஒரு முகத்துக்கான அளவு. வெளியில் நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். அதற்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் குடை, அகலமான தொப்பி, முகத்தை மூடும் துப்பட்டா. இவையும் நன்றாகவே காக்கும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் சிவப்பழகு க்ரீம்களை மட்டும் விட்டுவிடுங்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். பூசிய வாரம் முகம் பளிச்சென்று ஆகும், மாதங்கள் போனால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பருவும் முடியும் முளைத்து, நிறுத்தினால் எரியும். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. பாதரசம் கலந்த க்ரீம்கள் இன்னும் மோசம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அவற்றைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பழுதானது 2023இல் தெரியவந்தது. கம்பெனிப் பெயரும் சேர்மானப் பட்டியலும் இல்லாத டப்பாவை முகத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

செய்துகொள்வது என்று முடிவெடுத்துவிட்டால், காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். ஃபில்லர் டப்பாவில் தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். ஒன்று மருத்துவரின் கோப்புக்கு, இன்னொன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சிரிஞ்சு ஒருவருக்குத்தான், மிச்சத்தை வேறொருவருக்குப் போடக் கூடாது. முன்னும் பின்னும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், அதன் நகலும் பில்லும் உங்களிடம் இருக்கட்டும்.

ஏதாவது தவறு நடந்தால்? முதலில் சிகிச்சை, பிறகு புகார். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் கொடுக்கலாம். நஷ்டஈடு வேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். கிளினிக் தி.நகரில் இருந்தாலும் நுங்கம்பாக்கத்தில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையத்திலேயே, அதாவது நமக்கு வடசென்னை மாவட்ட ஆணையத்திலேயே மனுவைக் கொடுத்துவிடலாம்.